இல்லத்து நூற்றொகையும் ஞானபூசையும்

நூல்களைத் தொகுத்து வைத்தல் வேறு. நூல்களை ஓதுதல் வேறு. இவ்விரண்டும் ஓரிடத்து ஒருங்கு நிகழ்தலும் உண்டு; முன்னது நிகழ்ந்து பின்னது நிகழாதொழிதலும் உண்டு. இக்காலத்துச் சைவ நன்மக்கள் பலருடைய இல்லங்களில் திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரங்களும் கண்ணாடி அலமாரியில் அழகுற அடுக்கப்பெற்றுத் திகழ்தல் கண்டு மகிழத்தக்கதேயாம். ஆயினும், அவ்வடுக்கினின்றும் ஒரு நூல் ஓராண்டில் எத்துணை முறை வெளிவருகின்றது என வினவின், சரசுவதி பூசைக்கு முன்னாள் தூசு துடைத்தற்பொருட்டு ஒருமுறை என்பதே பலவிடத்தும் விடையாகும். மறுநாள் சந்தனமும் குங்குமமும் பெற்று, அன்று ஒருவராலும் ஓதப்படாதிருந்து, அதன் மறுநாள் மீண்டும் அலமாரி புகுதல் அந்நூல்களின் ஊழாக அமைந்துவிட்டது.

தில்லையைச் சூழ்ந்த ஊர்களுள் ஒன்றில் வாழும் சைவ அன்பரொருவர், ஐம்பது வயதின் மேற்பட்டவர், கணக்கெழுதும் தொழிலினர், கடந்த ஈராண்டுள் தம் இல்லத்து நூற்றொகையிற் புதியனவாகச் சேர்த்த நூல்கள் நாற்பதின் மேற்பட்டன. அவற்றுட் பெரும்பாலன சித்தாந்த சாத்திரங்களும் அவற்றின் உரைகளும். எஞ்சியன திருமுறைப் பதிப்புகளும் ஆகமங்களும் ஆம். ஒருவர் வாங்கிய நூல்களின் பட்டி அவருடைய கருத்தினது வரைபடம் போல்வது. அப்பட்டியை ஆராயுமிடத்து இக்காலத்துச் சைவ இல்லங்கள் பலவற்றிற்கும் பொதுவாகிய குணங்களும் குற்றங்களும் புலப்படுதலின், அவற்றுட் சில ஈண்டு எடுத்து ஆராயப்படுகின்றன.

நூற்றொகையை அளக்குங் கோல்

எதனைக் கோலாகக் கொண்டு ஒரு நூற்றொகையை அளத்தல் வேண்டும்? தொகையின் பெருமையோ, கட்டடத்தின் அழகோ, பதிப்பின் அருமையோ கோலாகா. சிவஞான சித்தியார் சுபக்கம் எட்டாஞ் சூத்திரத்துள் அருணந்தி சிவாசாரியர் ஞானபூசை இன்னதென வகுத்தருளினார். ஞானநூலை ஓதுதல், ஓதுவித்தல், அதன் பொருளைப் பிறர்க்குக் கேட்பித்தல், தான் கேட்டல், கேட்ட பொருளைச் சிந்தித்தல் என அஃது ஐவகைப்படும். இவ்வைந்தனுள் வாங்குதல் என்பதொன்று இல்லை. வைத்திருத்தல் என்பதும் இல்லை. ஆகலின், ஒரு நூல் இவ்வைந்தனுள் ஒன்றற்கேனும் கருவியாகும்வழியே இல்லத்தில் இடம்பெறுதற்கு உரிமையுடையதாகும் என்பது பெறப்படும்.

அற்றேல், வேதம் சாத்திரம் மிருதி புராணம் கலை என்பனவற்றான் வரும் அறிவனைத்தும் பாசஞானம் என்று அவ்வாசிரியரே ஒன்பதாஞ் சூத்திரத்துள் ஓதினாராகலின், பாசஞானத்திற்குக் கருவியாகிய நூல்களைத் தொகுத்தல் எற்றுக்கு எனின், அறியாது கடாயினாய். ஒன்பதாஞ் சூத்திரம் இறைவனைக் காணுதற்குப் பாசஞானமும் பசுஞானமும் போதா, பதிஞானமே வேண்டும் என்று கூறிற்றேயன்றி, நூலோதுதலை விலக்கிற்றில்லை. மருந்தின் பெயரை ஓதுதல்மாத்திரையானே நோய் தீராது. பெயரும் பயனும் அறியாதான் மருந்தினைத் தேடிக் கொள்ளுமாறும் இல்லை. இவ்விரண்டனையும் உணர்ந்தார்க்கு எட்டாஞ் சூத்திரமும் ஒன்பதாஞ் சூத்திரமும் தம்முள் மாறுகொள்ளாமை இனிது விளங்கும்.

சிவஞானபோதம்: மூலமும் வார்த்திகமும்

அன்பர் வாங்கியவற்றுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது சிவஞானபோதம். இந்நூலின் பதிப்புகள் மட்டும் ஐந்து அவர்பாலுள்ளன. அவற்றுள் ஒன்று சிவஞான முனிவரது சிற்றுரையோடு கூடியது. ஒன்று அவரது மாபாடியம். ஏனை மூன்றும் மூலத்தையும் எளிய பொழிப்பையும் உடைய சிறு பதிப்புகள்.

இம்மூன்றனுள் ஒன்றன்கண் ஒரு பெருங்குறை காணப்படுகின்றது. சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களான் அமைந்தது என்பது யாவரும் அறிந்ததே. அச்சூத்திரங்களின் கீழ் மெய்கண்ட தேவர் தாமே அதிகரணம் வகுத்து, மேற்கோளும் ஏதுவும் உரைநடையாற் கூறி, எடுத்துக்காட்டை வெண்பாவாற் கூறிப்போந்தார். மேற்கூறிய சிறு பதிப்பில் சூத்திரங்களும் வெண்பாக்களுமே உள்ளன. மேற்கோளும் ஏதுவுமாகிய வார்த்திகம் முற்றும் நீக்கப்பட்டுள்ளது. கற்பார்க்கு எளிதாதற்பொருட்டு இவ்வாறு செய்யப்பட்டதென முகவுரை கூறுகின்றது. எளிதாயிற்றோ எனின், இல்லை. எதனை நிறுவுதற்கு வந்த எடுத்துக்காட்டு என்பது தெரியாமையின், வெண்பாக்கள் நூலைப் பொலிவிக்கும் அணிகலம்போல் நின்றனவேயன்றி அளவைநூல் உறுப்பாக நின்றனவில்லை.

இதனால் விளையும் இழப்பிற்கு ஒன்று காட்டுதும். சைவ சித்தாந்தத்தின் உயிர்நிலையாகிய சொல் அத்துவிதம் என்பது. அதன் பொருள் இன்னதென மெய்கண்ட தேவர் விளக்கும் இடம் இரண்டாஞ் சூத்திரத்து முதலதிகரணத்தின் வார்த்திகமாகும். எதிர்மறை குறித்த அகரம் இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள்படுதற்கு உரியது. இன்மைப்பொருள் கொள்ளின் இரண்டு இல்லை, ஒன்றே உளது எனப்பட்டு ஏகான்மவாதமாய் முடியும். மறுதலைப்பொருள் கொள்ளினும் சொல் தன் நெறியில் நில்லாது. அநேகம் என்புழி ஒன்று இல்லை என்பது பொருளாகாமல் ஒன்றல்லாதது என்பதே பொருளாதல் போல, அத்துவிதம் என்புழியும் அன்மைப்பொருளே கொண்டு, இறைவனும் உயிரும் பொருளால் இரண்டாயினும் கலப்பினால் இரண்டெனப் பிரித்தற்கு அல்லாத நிலை என உணர்தல் வேண்டும். சிவஞான முனிவர் இதனை விரித்து நிறுவிய பகுதி மாபாடியத்துள் மிக்க சிறப்புடையது. வார்த்திகம் நீங்கிய பதிப்பினை ஓதுவான் ஒருவன் இரண்டாஞ் சூத்திரத்தை எத்துணை முறை ஓதினும் அத்துவிதம் என்னுஞ் சொல்லின் ஆராய்ச்சியை அந்நூலிற் காணமாட்டான். பதிப்பாசிரியர் நீக்கியது சில பக்கங்களே. மாணவன் இழந்ததோ நூலின் நடு நரம்பு.

இனி, மாபாடியம் பற்றி. 1785-ஆம் ஆண்டிற் சிவபரிபூரணமுற்ற சிவஞான முனிவரது இப்பேருரை நெடுங்காலம் ஆதீனத்துச் சுவடியளவில் நின்று, இருபதாம் நூற்றாண்டிலேயே முழுமையும் அச்சேறிற்று. முன்னோர் காண்டற்கு அரிதாக எண்ணிய அதனை இன்று கணக்கெழுதும் ஒருவர் தம் ஒருமாத ஊதியத்தின் ஒரு சிறு கூறு கொடுத்துத் தம் இல்லத்து வைத்தல் இயல்வதாயிற்று. இது காலம் செய்த பேருதவி. ஆயினும், அன்பர் மாபாடியத்தை வாங்கிய அன்றே அவையடக்கத்தினின்றும் தொடங்கி ஓதப்புகுந்து, முதற்சூத்திரத்துள்ளேயே தளர்ந்து நிறுத்தினார். நூலின்மேற் குற்றமில்லை, புகுவாயிலே தவறாயிற்று. மடங்களிற் பாடஞ் சொல்லும் முறையில் உண்மை விளக்கமும் திருவருட்பயனும் முன்வைக்கப்படும். உண்மை விளக்கம் மாணவன் வினவ ஆசிரியன் விடைகூறும் முறையில் முப்பத்தாறு தத்துவங்களையும் மலங்களையும் திருவைந்தெழுத்தையும் திருக்கூத்தையும் அறிமுகம் செய்வது. திருவருட்பயன் நூறு குறட்பாக்களால் முப்பொருளியல்பை நெஞ்சிற் பதிப்பது. இவற்றின்பின் சிவப்பிரகாசமும், அதன்பின் சித்தியார் சுபக்கமும், அதன்பின் சிற்றுரையோடு சிவஞானபோதமும் கேட்டார்க்கே மாபாடியம் வாயில் திறக்கும். அன்பரிடத்து உண்மை விளக்கம் முன்னரே உண்டு. விலை குறைந்த சிறு நூலாதலின் பெருநூல்களின் பின்னே மறைந்துகிடந்தது.

சித்தியார்: அறுவர் உரையும் பரபக்கமும்

சித்தியார் சுபக்கத்திற்கு மறைஞான தேசிகர், சிவாக்கிர யோகிகள், ஞானப்பிரகாசர், சிவஞான முனிவர், நிரம்ப அழகிய தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்னும் அறுவர் இயற்றிய உரைகள் உள. இவற்றை ஒருங்குதிரட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பதிப்பித்தவர் கொ. சண்முகசுந்தர முதலியார். அறுவருரை அன்பர் தொகையிற் புதிதாகச் சேர்ந்தது பெரிதும் பாராட்டத்தக்கது. ஓருரை கற்றார்க்கு உரையே நூலெனத் தோன்றும். பலவுரை கற்றார்க்கே நூல் வேறு, உரை வேறு என்பது புலனாகும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் முத்தியில் உயிர் சிவத்தோடு சமமாம் என்னுங் கொள்கையைத் தழுவிச் சுபக்கத்திற்கு உரை கண்டார். சிவஞான முனிவர் அதனை மறுத்துச் சிவசமவாதவுரை மறுப்பு என்னும் நூல் செய்தார்; எடுத்து என்னும் ஒருசொல்லின் பொருள்பற்றி எழுந்த வாதத்தில் வைரக்குப்பாயம் என்னும் நூலும் அவராற் செய்யப்பட்டது. ஒருசொற்கு ஒருநூல் எழுந்த காலம் அது. அவ்வாதத்தை ஒருசார் நூல்களை மட்டும் வாங்கிவைத்துக் கற்பவன் நடுவுநிலையில் நின்று உணர்தல் அரிது. மறுக்கப்பட்டார் உரையையும் மறுத்தார் உரையையும் ஒரே அலமாரியில் வைத்தல் நூல்களுக்கு இழுக்கன்று, கற்பவனுக்கு ஆக்கம்.

ஆனால், அன்பர் தொகையிற் பரபக்கம் இல்லை. வினவியபோது, பிறர் மதங்களைக் கூறி மறுக்கும் பகுதி தமக்கு வேண்டாமையின் வாங்கவில்லை என்றனர். இஃது அவரொருவர் கருத்தன்று. சித்தியார் என்னும் பெயரால் சுபக்கத்தை மட்டும் வெளியிடும் வழக்கமும், வகுப்புகளிற் சுபக்கத்தினின்றே தொடங்கும் வழக்கமும் இக்கருத்தினை வளர்த்துவிட்டன. சுபக்கம் 328 விருத்தங்களை உடையது. பரபக்கம் 301 விருத்தங்களை உடையது. நூலிற் பாதியை ஆசிரியர் வீணே செய்தார் என்று கொள்ளுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

பரபக்கத்தின் பயன் இரண்டு. ஒன்று, உலோகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை அவ்வம்மதத்தார் கூறுமாறே முதற்கண் கூறிப் பின்னரே மறுத்தலின், எதிர்வாதியின் கருத்தைத் திரியாது கூறும் அறத்தைக் கற்பித்தல். இதனை இக்காலத்து மேடைகளிற் பேசுவார் யாவரும் கற்றல் நன்று. மற்றொன்று, தமிழ்நாட்டில் நூலோடு மறைந்துபோன சமயங்களின் கொள்கைகளைக் காத்துவைத்தல். ஆசீவக மதத்தின் நூல்கள் இறந்துபட்டன. மணிமேகலையும் நீலகேசியும் சித்தியார் பரபக்கமுமே அம்மதத்தைப்பற்றித் தமிழிற் கிடைக்கும் தலைமையான சான்றுகள். ஆசீவக வரலாற்றை 1951-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்ட பாஷம் என்னும் ஆராய்ச்சியாளரும் இத்தமிழ்நூல்களைத் துணைக்கொண்டார். மறுத்தற்பொருட்டு எடுத்துக்கூறிய நூலே மறுக்கப்பட்ட மதத்திற்கு நினைவுச்சின்னமாய் நின்றது நூல்வரலாற்றில் எண்ணியெண்ணி வியக்கற்பாலது. தத்துவப்பிரகாசர் உரையோடு பரபக்கத்தையும் அன்பர் சேர்த்துக்கொள்வாராயின் அவர் சித்தியார் முழுமைபெறும்.

திருமுறைகள்

தேவாரத்திற்கு மூன்று பதிப்புகளை அன்பர் வாங்கியுள்ளார். மூன்றும் தலமுறையில் அமைந்தன. மூன்றற்கும் பாடம் ஏறத்தாழ ஒன்றே. ஒரே சோற்றை மூன்று இலையிற் படைத்தாற் பசி மும்மடங்கு தீர்தல் இல்லை. திருமுறையாகப் பதிகங்களை அடைவுசெய்த பழைய முறையிற் பண்ணடைவு தலைமை பெறும். தலமுறையோ தலயாத்திரை செய்வார்க்கு உதவுவது. ஓதுவார் பண்ணடைவையும், யாத்திரிகர் தலவடைவையும் நாடுவர். இல்லத்தில் இரண்டும் ஒவ்வொன்று இருப்பின் போதும். பண்முறைக்குப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1984, 1985-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தி. வே. கோபாலையரது பதிப்பினை நாடுதல் தகும். பாடங்களை ஒப்புநோக்குதற்கும் அது பெருந்துணையாகும்.

பழம்பதிப்பே சிறந்தது என்னும் ஓரெண்ணம் நூல் தொகுப்பார் பலரிடத்தும் உண்டு. அஃது எப்பொழுதும் உண்மையாகாது. திருவிடைவாய்த் திருப்பதிகம் அத்தலத்துக் கோயிற் கல்வெட்டினின்றும் பின்னர்க் கிடைத்தது. அதற்கு முன் அச்சேறிய தேவாரப் பதிப்புகளில் அதனைத் தேடின் காணப்படாது. அப்பழம்பதிப்பொன்றே உடையான் சம்பந்தப்பெருமானது பதிகமொன்றை ஓதாதொழிவன். பதிப்பாளர் நெகிழவிட்டதனைக் கல் காத்தது. கல் காத்ததனைப் பிற்பதிப்பு தந்தது.

பெரியபுராணத்திற்குக் கோயம்புத்தூர்ச் சி. கே. சுப்பிரமணிய முதலியார் ஏழு தொகுதிகளாக இயற்றிய பேருரையை அன்பர் பெற்றது அவ்வில்லத்திற்கு நற்பேறாம். நாலாயிரத்திருநூற்றின் மேற்பட்ட திருவிருத்தங்களுக்குச் சொற்பொருளோடு அமையாது, தலவிசேடம், கல்வெட்டுக் குறிப்பு, ஆலயத்திற்குச் செல்லும் வழி முதலியனவும் அவர் எழுதினார். இல்லத்தில் முதியோரும் இளையோரும் மகளிரும் ஒருங்கிருந்து கேட்டற்கு ஏற்றது இவ்வுரையேயாகும். அன்பருடைய தொகையிற் பக்கமுனை அழுக்கேறிய நூல் இஃதொன்றே. அவ்வழுக்கு அந்நூலுக்குப் புகழ்.

ஆகமங்கள்

1955-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக நா. ரா. பட் அவர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கி ஆகமங்களைப் பதிப்பித்தனர். இரௌரவத்தின் முதற்றொகுதி 1961-இல் வெளிவந்தது. அன்பர் இதனையும் வாங்கியுள்ளார். வடமொழிப் பயிற்சி அவர்க்கு இல்லை. பயிலாத மொழியிலுள்ள நூலை வாங்குதல் வீண் என்பாரும் உளர்.

ஈண்டு ஒன்று நினைத்தற்பாலது. சிவஞானபோதம் இரௌரவாகமத்துப் பன்னிரண்டு சுலோகங்களின் மொழிபெயர்ப்பு எனச் சிவஞான முனிவர் கொண்டார். தமிழே முதனூல் என இருபதாம் நூற்றாண்டுப் புலவர் பலர் வாதித்தனர். கிடைத்த சுவடிகளைக்கொண்டு அச்சேறிய இரௌரவத்தில் அச்சுலோகங்கள் காணப்படவில்லை. இதனாற் சிவஞான முனிவர் கூற்று வீழ்ந்தது என்று ஒருதலையாகத் துணிதலும் கூடாது, கிடைத்த சுவடிகளே ஆகமம் முழுமையும் ஆகாமையின். அதனைப் பொருட்படுத்தாது விடுதலும் கூடாது, காணப்படாமையும் ஒரு சான்றாகலின். இத்தகைய வழக்கினைக் கேள்வியளவில் நின்று பேசுவார் பலர். நூலை எடுத்துத் திறந்து பார்ப்பார் சிலர். அச்சிலருள் ஒருவராதற்கு அந்நூல் இல்லத்திருத்தல் வேண்டும். ஆகவே வாங்கியது தவறன்று. நூல் வந்து ஓராண்டாகியும் நாகர எழுத்தைக் கற்கத் தொடங்காமையே தவறு.

எடைக்கு வாங்கிய ஏடு

நாற்பது நூல்களினும் விலை குறைந்தது ஒன்றுண்டு. பழந்தாட்கடை ஒன்றில் எடைக்கு விற்கப்பட்ட கட்டினுள் அன்பர் அதனைக் கண்டெடுத்தனர். சித்தியார் சுபக்கம், தலைப்பேடும் இறுதி ஏடுகள் சிலவும் இல்லை, தாள் பழுப்பேறி மடித்தவிடத்து ஒடிவது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வைத்துள்ள பழம்பதிப்புகளின் ஒளிப்படிகளோடு ஒப்புநோக்கி, பக்கவமைப்பினால் இஃது இன்ன பதிப்பு என்று அறிய அவர் பல இரவுகள் முயன்றனர்.

அதன் சிறப்புப் பதிப்பினால் வந்ததன்று. ஒவ்வொரு செய்யுளின் ஓரத்தும் முன்னை உடையார் கரிக்கோலால் எழுதிய குறிப்புகள் உள. ஆசிரியர் பாடஞ்சொல்லக் கேட்ட நாள் குறிக்கப்பட்டுள்ளது. ஐயமெழுந்தவிடத்து ஒரு கோடு. தெளிந்தவிடத்து அக்கோட்டின்மேல் ஒரு புள்ளி. ஓரிடத்து, மழையினாற் பாடம் இல்லை என்று மட்டும் உளது. எட்டாஞ் சூத்திரத்தில் ஞானபூசை கூறுமிடத்துக் குறிப்புகள் மேலும் கீழும் இடமின்றி நெருங்கியுள்ளன. ஒன்பதாஞ் சூத்திரத்து மூன்றாஞ் செய்யுளோடு எழுத்து நின்றுவிட்டது. அதன்மேல் ஓரங்கள் வெறுமையாய் உள்ளன. அவ்விடத்தில் ஆசிரியர் மறைந்தனரோ, மாணவர் மறைந்தனரோ, குடும்பச்சுமை வந்து தடுத்ததோ தெரியவில்லை. எழுதியவர் பெயரும் இல்லை. அவர்தம் மரபினர் அதனை எடைக்கு இட்டனர் என்பது ஒன்றே தெரிகின்றது. அவர்களைப் பழித்தலினும், அவர்களுக்கு அந்நூலை ஓதிக்காட்டுவார் இல்லாதொழிந்தமையை எண்ணி இரங்குதலே தக்கது.

மேற்கூறிய கோலால் அளப்பின் அன்பர் தொகையுள் இதுவே தலையாயது. ஓதல், கேட்டல், சிந்தித்தல் என்னும் மூன்றும் இதன்கண் நிகழ்ந்தன என்பதற்கு ஓரங்களே சான்று பகர்கின்றன. மாபாடியத்தின் புதிய படிக்கு அத்தகைய சான்று இன்னும் உண்டாயிற்றில்லை.

இழப்பும் காப்பும்

அன்பருடைய மைந்தர் கல்லூரியிற் பயில்பவர். இந்நூல்கள் யாவும் கைப்பேசியிற் கிடைக்கின்றனவே, பழந்தாளைச் சேர்த்து இராமபாணப் பூச்சிக்கு உணவாக்குதல் எற்றுக்கு என அவர் வினவினர். இவ்வினா இகழத்தக்கதன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்தில் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் செய்துவரும் தொண்டினால் முன்னோர் காணாத நூல்களை இளைஞர் காண்கின்றனர். ஓரிடத்து ஒரு படியே இருத்தலால் வரும் கேட்டினை 1981-ஆம் ஆண்டு எரியுண்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் உலகிற்கு உணர்த்திற்று. தொண்ணூற்றையாயிரத்தின் மேற்பட்ட நூல்கள் அங்கே சாம்பராயின. ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும்.

ஆயினும், பொதுநிலையங்கள் காப்பதற்கு முதலாவது யாது எனின், இல்லங்கள் காத்தனவேயாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் இல்லத்துத் தொகுத்தவையே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன. மறைமலையடிகள் தம் மனையில் வைத்துக் கற்ற நூல்களே அவர் மறைந்தபின் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தின் முதலாயின. புதுச்சேரியில் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுட் பலவற்றைக் கோயில்களும் மடங்களும் சிவாசாரியர் இல்லங்களும் தலைமுறை தலைமுறையாகப் பேணின. இல்லம் பேணாதிருந்த ஏட்டினை எந்நிலையமும் பின்னர்ப் படைத்துக்கொள்ள இயலாது. எடைக்கு வந்த சித்தியாரின் அச்சுப்பாடம் கைப்பேசியில் உண்டு. அதன் ஓரத்துக் குறிப்பு உலகில் வேறெங்கும் இல்லை.

மைந்தர் இதனை ஒப்புக்கொண்டு, ஏடு ஒடியாதவாறு பக்கந்தோறும் ஒளிப்படம் எடுக்க முற்பட்டனர். கரிக்கோல் எழுத்து மங்கியிருத்தலானும் தந்தையார்க்குக் கண்ணொளி குன்றியிருத்தலானும், மைந்தர் குறிப்புகளை உரக்கப் படிக்கத் தந்தையார் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தனர். விளங்காத சொற்களுக்குத் தந்தையார் தாம் அறிந்த அளவிற் பொருள் கூறினர்; அறியாதவற்றை அறுவருரையிற் பார்த்துக் கூறினர். நாற்பது நூல்களும் ஈராண்டிற் செய்யாததனை எடைக்கு வாங்கிய ஒருநூல் நாற்பது நாளிற் செய்தது. ஒருவர் ஓத ஒருவர் கேட்டனர், கேட்டவர் பொருள் கேட்பித்தனர், இருவரும் சிந்தித்தனர்.

அன்பர்க்கு ஓரையம் எழுந்தது. ஒன்பதாஞ் சூத்திரத்து நான்காஞ் செய்யுள் முதலாக வெறுமையாயுள்ள ஓரங்களில் தாம் கேட்கும் பாடத்தை எழுதி நிறைவு செய்யலாமோ என்பதே அது. எழுதாமையே நன்று. முன்னையார் எழுத்து நின்ற இடம் ஒரு வரலாறு. அதன்மேற் பிறிதொரு கை எழுதின் பின்வருவார்க்கு இருவர் எழுத்தும் மயங்கும். குறிப்பேட்டிற் பிரதிசெய்து, அதன்கண் இது முன்னையார் குறிப்பு, இது பின்னையார் குறிப்பு எனப் பிரித்து எழுதுதலே முறை. பதிப்புத்தொழிலின் முதலறமும் அதுவேயாம். மேற்கூறிய சிறு பதிப்பின் பதிப்பாசிரியர் மறந்த அறமும் அதுவே.

முடிபு

தொகுத்துக் கூறுமிடத்து, அன்பர் சேர்த்தவற்றுள் அறுவருரையும் பெரியபுராணப் பேருரையும் பழஞ்சித்தியாரும் தலைசிறந்தன. மாபாடியமும் இரௌரவமும் காலம் நோக்கிக் காத்திருப்பன. வார்த்திகம் நீங்கிய சிவஞானபோதமும் ஒருபாடத்து மூன்று தேவாரமும் மிகை. அத்தேவாரங்களுள் இரண்டினை அண்டை வீட்டார்க்குக் கொடுத்தல் ஞானதானமாம். பரபக்கமும் பண்முறைத் தேவாரமும் குறை. நாகர எழுத்துப் பயிற்சி நூலொன்று உடனே வேண்டப்படுவது.

இனி நூல் வாங்குவார் யாவரும் கடைப்பிடிக்கத்தக்கது ஒன்றுண்டு. புதுநூலொன்று இல்லம் புகும் நாளில், யார் ஓத யார் கேட்பது என்று அன்றே வரையறுத்து, முதலேட்டில் அந்நாளையும் குறித்துவைத்தல் வேண்டும். அங்ஙனம் குறிக்கலாகாத நூலை அன்று வாங்காது விடுதலும் ஆம். சந்தனமும் குங்குமமும் ஆண்டிற்கு ஒருநாளே. ஞானபூசைக்கு நாள் வரையறை இல்லை.

திருச்சிற்றம்பலம்.